பத்தாம் வகுப்புக்குப் பிறகு: பிளஸ் 1, பிளஸ் 2 இரண்டு வருடத்தையும் திட்டமிடும் முழு வழிகாட்டி

"இந்த மார்க்குக்கு எந்த குரூப் கிடைக்கும்?" பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். இது மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வர வேண்டிய கேள்வி. முதலிலேயே கேட்டுவிடுவதால், கிடைத்த குரூப்பில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு, ஒரு வருடம் கழித்து, "இதைப் படித்தால் அந்தக் கோர்ஸுக்குப் போக முடியாதாமே" என்று வந்து நிற்கிறார்கள். வில்லிவாக்கத்தில் பிளஸ் 1, பிளஸ் 2 பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். மே, ஜூன் மாதங்களில் பாடம் நடத்துவதைவிட இதைப் பேசுவதுதான் அதிகம். அதனால் எந்த வரிசையில் யோசிக்க வேண்டும் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். பெரும்பாலும் தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தைப் பற்றித்தான். சிபிஎஸ்இ மாறுபடும் இடங்களில் சொல்கிறேன்.

1. பேச உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் மட்டும் போதாது. ஒன்பது, பத்து இரண்டு வகுப்புகளின் காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்களையும் எடுத்து வையுங்கள். பொதுத்தேர்வுக்கு முன் இரண்டு மாதம் விழுந்து விழுந்து படித்தால் கணக்கில் 90 வாங்கிவிடலாம். ஆனால் வருடம் முழுக்க 55, 60 என்று வாங்கிய பிள்ளைக்கு அந்த 90 பிளஸ் 1 கணக்கில் கைகொடுக்காது. பொதுத்தேர்வு மார்க்குக்கும் பள்ளி மார்க்குக்கும் பெரிய இடைவெளி இருந்தால், பள்ளி மார்க்கைத்தான் நம்ப வேண்டும்.

அப்புறம் ஒரு வெள்ளைத்தாள். பிள்ளை தன் கையால் எழுதட்டும், நீங்கள் எழுத வேண்டாம்.

2. முடிவிலிருந்து பின்னோக்கி வாருங்கள்

அந்தத் தாளில் பிளஸ் 2வுக்குப் பிறகு போக விரும்பும் படிப்புகளாக மூன்றை எழுதச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் எழுதினால் ஆபத்து, பத்து எழுதினால் பயனில்லை. பதினைந்து வயதில் ஒரே படிப்பை உறுதியாகச் சொல்லும் பிள்ளைகள் குறைவு, அப்படிச் சொன்னவர்களும் பிளஸ் 2 முடிவதற்குள் மாறுகிறார்கள். மூன்று எழுதினால், மூன்றுக்கும் பொதுவாக எந்தப் பாடங்கள் வேண்டும் என்பது கண்ணுக்குத் தெரியும். குரூப் தேர்வு என்பது அந்தப் பொதுப் பாடங்களைக் கண்டுபிடிப்பதுதான்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, படிப்பை எழுதாமல் வேலையை எழுதுவது. "ஐடி வேலை" என்று எழுதினால் அதற்குப் பொறியியல், பிசிஏ, பி.எஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று பல வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் கேட்கும் பாடம் வேறு. "கலெக்டர்" என்றால் எந்தப் பட்டமும் போதும், எந்த குரூப்பும் போதும். படிப்பின் பெயரை எழுதினால்தான் அடுத்த படி நகரும்.

3. எந்தப் படிப்புக்கு எந்தப் பாடம்

பொறியியல்: கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் வேண்டும். தமிழ்நாட்டில் கலந்தாய்வு வழியான பொறியியல் சேர்க்கைக்கு நுழைவுத்தேர்வு கிடையாது, பிளஸ் 2 மதிப்பெண்தான். சேர்க்கை வரிசையை முடிவு செய்யும் கட் ஆஃப் மதிப்பெண் 200க்குக் கணக்கிடப்படும். கணிதம் அப்படியே 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கணிதத்தில் 90, இயற்பியலில் 80, வேதியியலில் 84 எடுத்தால் 90 + 40 + 42, மொத்தம் 172. கணிதத்தில் ஒரு மதிப்பெண் போவது இயற்பியலில் இரண்டு போவதற்குச் சமம். கிண்டி பொறியியல் கல்லூரி, குரோம்பேட்டை எம்ஐடி என்று கனவு வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கை முதல் நாளே புரிந்துகொள்ள வேண்டும்.

மருத்துவம்: இயற்பியல், வேதியியல், உயிரியல். நீட் எழுத வேண்டும். உயிரியலுக்குப் பதில் தாவரவியல், விலங்கியல் என்று தனித்தனியாகப் படித்தாலும் செல்லும். பல் மருத்துவம், சித்தா, ஆயுர்வேதம் ஆகியவற்றுக்கும் நீட் உண்டு.

நீட் இல்லாமல் உயிரியல் வழியில் போகும் படிப்புகள் இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. மாதவரத்தில் தலைமையிடம் வைத்திருக்கும் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் மாநில ஒதுக்கீட்டு இடங்கள் பிளஸ் 2 மதிப்பெண்ணை வைத்தே நிரப்பப்படுகின்றன. பி.எஸ்சி நர்சிங், பி.ஃபார்ம் போன்றவற்றையும் அந்தத் தாளில் எழுதலாம். நீட் ஒன்றையே நம்பி இரண்டு வருடம் ஓடிவிட்டு, கைவசம் வேறு எதுவும் யோசித்து வைக்காமல் மனமுடைந்து போகும் பிள்ளைகளைப் பார்த்தால் வேதனையாக இருக்கிறது. இரண்டாவது, மூன்றாவது படிப்பைக் கட்டாயம் எழுதச் சொல்வது அதற்காகத்தான்.

பி.ஆர்க் (கட்டிடக்கலை): கணிதமும் இயற்பியலும் வேண்டும், கூடவே நாட்டா என்ற நுழைவுத்தேர்வு. தேசியப் பாதுகாப்பு அகாடமி (என்டிஏ) வழியாகத் தரைப்படைக்குப் போக எந்த குரூப்பும் சரி. விமானப்படை, கடற்படை என்றால் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் படித்திருக்க வேண்டும்.

சிஏ: காமர்ஸ் குரூப் படித்தால் வசதி, ஆனால் கட்டாயம் இல்லை. பிளஸ் 2 முடித்த யாரும் அதன் முதல் கட்டத் தேர்வான ஃபவுண்டேஷன் எழுதலாம். ஐந்தாண்டு சட்டப் படிப்புக்கும் எந்த குரூப்பும் போதும். சென்னை ஐஐடி நடத்தும் டேட்டா சயின்ஸ் பி.எஸ் படிப்புக்குப் பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும், பிளஸ் 2வில் அறிவியல் குரூப் எடுத்திருக்க வேண்டியதில்லை. காமர்ஸ் எடுத்தால் கம்ப்யூட்டர் பக்கமே போக முடியாது என்று நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. காமர்ஸ் பக்கம் இருக்கும் 'வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல்' என்ற பாடம் பொறியியலுக்கான கணிதம் ஆகாது. சிபிஎஸ்இயில் அப்ளைடு மேத்ஸும் அப்படித்தான். பெயரில் கணிதம் இருக்கிறதே என்று எடுத்துவிட்டுப் பிறகு பொறியியல் விண்ணப்பத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

4. நான்காவது பாடம்: பயாலஜியா, கம்ப்யூட்டர் சயின்ஸா?

பிளஸ் 1, பிளஸ் 2 இரண்டிலும் ஆறு பாடங்கள். முதல் பகுதி தமிழ் அல்லது வேறு மொழி, இரண்டாவது ஆங்கிலம், மூன்றாவது பகுதியில் நான்கு பாடங்கள். இந்த நான்கைத்தான் குரூப் என்கிறோம். அறிவியல் பக்கம் வருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு முதல் மூன்றும் ஒன்றுதான்: இயற்பியல், வேதியியல், கணிதம். நான்காவதில்தான் வீட்டில் சண்டையே.

'ரெண்டு பக்கமும் கதவு திறந்திருக்கும்' என்று சொல்லி உயிரியலும் கணிதமும் சேர்ந்த பயோ மேத்ஸ் குரூப்பை எடுக்க வைப்பது சென்னையில் வழக்கமாகிவிட்டது. கதவு திறந்திருப்பது உண்மைதான். சுமையையும் பாருங்கள். உயிரியல் என்பது ஒரே பாடமாகத் தெரிந்தாலும் தாவரவியல் ஒரு புத்தகம், விலங்கியல் ஒரு புத்தகம். எழுத்துத் தேர்வின் 70 மதிப்பெண்ணும் 35, 35 என்று இரண்டாகப் பிரியும். மனப்பாடமும் படம் வரைவதும் அதிகம். கணிதமோ தினமும் கை வைத்துப் போட்டுப் பார்க்க வேண்டிய பாடம். இரண்டும் ஒரே மாலையில் நேரம் கேட்கும்.

என் கருத்து இது: மூன்று படிப்புகள் எழுதிய தாளில் உயிரியல் கேட்கும் படிப்பு ஒன்றாவது பிள்ளையே விரும்பி எழுதியதாக இருந்தால் பயோ மேத்ஸ் எடுக்கலாம். ஒன்றுகூட இல்லையென்றால் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்து, மிச்சமாகும் நேரத்தைக் கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் கொடுப்பது நல்லது. 'எதற்கும் இருக்கட்டும்' என்று எடுத்த உயிரியல், கணித மார்க்கை இழுத்துவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன். மருத்துவம், நர்சிங் பக்கம்தான் போவேன், கணக்கு எனக்கு வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லும் பிள்ளைக்குக் கணிதம் இல்லாத பியூர் சயின்ஸ் குரூப் இருக்கிறது. கணக்கை விட்டால் பொறியியல் போய்விடுமே என்று பயப்படுவது பெற்றோர்தான். அந்தப் பிள்ளை பொறியியலை எழுதவே இல்லையென்றால் அந்தப் பயத்துக்கு என்ன அவசியம்?

கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்காவிட்டால் கல்லூரியில் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் கிடைக்காது என்பதும் தவறு. பொறியியல் கட் ஆஃபில் அந்தப் பாடம் சேர்வதே இல்லை.

தொழிற்கல்வி குரூப்புகளை மட்டமாகப் பார்க்காதீர்கள். எலக்ட்ரிகல், மெக்கானிகல், நர்சிங், வேளாண்மை என்று மாநிலப் பாடத்திட்டத்தில் இருக்கின்றன, கைவேலையில் ஆர்வமுள்ள பிள்ளைக்குப் பொருத்தமானவை. பள்ளியே வேண்டாம் என்று தோன்றினால் பத்தாம் வகுப்பு மார்க்கை வைத்தே பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமா சேர்ந்து, முடித்ததும் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் வழியும் உண்டு.

5. மதிப்பெண் எப்படிப் பிரிகிறது

பாடத்துக்கு 100, மொத்தம் 600. செய்முறை உள்ள பாடங்களில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. செய்முறை இல்லாதவற்றில் 90, 10. தேர்ச்சிக்கு 35 வேண்டும், செய்முறைப் பாடமானால் எழுத்துத் தேர்வில் 70க்கு 15ஆவது எடுத்திருக்க வேண்டும். அகமதிப்பீடு 10 என்பது வருகைப் பதிவு, பள்ளித் தேர்வுகள், ஒப்படைப்புகள் எல்லாம் சேர்ந்தது. கட் ஆஃபில் அரை மார்க்குக்கு அடித்துக்கொள்ளும் இடத்தில் இதை அலட்சியமாக விடக்கூடாது. டியூஷனுக்காகப் பள்ளிக்கு லீவு போடும் பழக்கம் இங்கேதான் வந்து அடிக்கும்.

6. மொழிப் பாடமும் பயிற்று மொழியும்

தனியார் பள்ளிகளில் பிளஸ் 1 சேரும்போது தமிழை விட்டுவிட்டு பிரெஞ்சு எடுத்தால் மார்க் அள்ளலாம் என்று ஆலோசனை வரும். பொறியியல் கட் ஆஃபுக்கு மொழிப்பாட மதிப்பெண் சேராது. அரசு கலை அறிவியல் கல்லூரிச் சேர்க்கையிலும் பெரும்பாலான பாடப்பிரிவுகளுக்கு மூன்றாம் பகுதியின் நான்கு பாடங்கள், அதாவது 400 மதிப்பெண்தான் கணக்கு. தமிழ் இலக்கியத்துக்குத் தமிழ் மதிப்பெண்ணும் ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மதிப்பெண்ணும் பார்ப்பார்கள். ஆக, சேர்க்கையில் பெரிதாக உதவாத மொத்த மார்க்குக்காக, பத்து வருடம் படித்த மொழியை விட்டு எழுத்துக்கூட்டிப் படிக்கும் மொழிக்குப் போக வேண்டியதில்லை.

தமிழ் வழியில் படித்த பிள்ளையை பிளஸ் 1இல் ஆங்கில வழிக்கு மாற்றுவதையும் நன்றாக யோசித்துச் செய்யுங்கள். டிஎன்பிஎஸ்சியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு உண்டு, அதற்குத் தொடக்கம் முதலே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். நடுவில் மாறினால் அது போய்விடும். நீட்டையும், என்ஐடி போன்ற மத்தியப் பொறியியல் கல்லூரிகளுக்கான ஜேஇஇ மெயினையும் தமிழிலேயே எழுதலாம்.

7. பள்ளியை மாற்றும் முன்

பெரிய இழப்பு ஏற்படும் இடம் இது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மருத்துவம், பொறியியல், சட்டம், வேளாண்மை, கால்நடை மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. மாநகராட்சி நடத்தும் சென்னைப் பள்ளிகளும் இதில் அடங்கும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் வருவதும் பள்ளிப் படிப்பு எங்கே என்பதைப் பொறுத்ததே. பத்தாம் வகுப்பில் 450க்கு மேல் வாங்கிய அரசுப் பள்ளிப் பிள்ளையை, 'பிளஸ் 1 மட்டும் நல்ல பிரைவேட் ஸ்கூல்ல படிக்கட்டும்' என்று கடன் வாங்கி மாற்றுகிறார்கள். ஐந்து வருடம் சேர்த்த தகுதி அந்த டிசியோடு போய்விடுகிறது. தயவுசெய்து டிசி வாங்கும் முன் இந்தப் பத்தியை இன்னொரு முறை படியுங்கள்.

எந்தப் பள்ளியானாலும் போய்க் கேட்க வேண்டியவை சில. பிளஸ் 1 புத்தகத்தை பிளஸ் 1 வருடம் முழுக்க நடத்துகிறார்களா? இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றுக்கும் முதுகலை ஆசிரியர் இப்போது இருக்கிறாரா, இடம் காலியா? லேப் வாரத்தில் எத்தனை நாள்? நீட், ஜேஇஇ வகுப்பு பள்ளி நேரத்துக்குள்ளேயே வைத்தால் பொதுத்தேர்வுப் பாடத்தை எப்போது நடத்துகிறார்கள்? பதிலை அலுவலகத்தில் மட்டும் கேட்காமல், அதே பள்ளியில் இப்போது பிளஸ் 2 படிக்கும் ஒரு பிள்ளையிடமும் கேளுங்கள்.

பயண நேரத்தையும் கணக்கில் எடுங்கள். தாம்பரத்திலிருந்து நுங்கம்பாக்கம் வந்து போகிற பிள்ளைக்கு மாலையில் புத்தகம் திறக்கவே மணி ஏழாகிவிடும். வீட்டுப் பக்கத்தில் சுமாரான பெயருள்ள, ஆசிரியர் முழுமையாக இருக்கும் பள்ளி கிடைத்தால் அதையே எடுங்கள்.

8. குரூப்பை மாற்ற வேண்டுமென்றால் சீக்கிரம்

சேர்ந்து முதல் சில வாரங்களுக்குள் ஒத்துவரவில்லை என்று தெரிந்தால் உடனே தலைமை ஆசிரியரிடம் பேசுங்கள். இடமிருந்தால் அப்போது மாற்றித் தருவார்கள். காலாண்டு வரை இழுத்தால் மூன்று மாதப் பாடத்தைப் புதிதாகப் பிடிக்க வேண்டிவரும், மாணவர் பதிவுகள் துறைக்குப் போய்விட்டால் பள்ளியும் கைவிரித்துவிடும். ஒரு யூனிட் டெஸ்ட்டில் மார்க் குறைந்ததற்காக மாற்றாதீர்கள். பத்தாம் வகுப்பிலிருந்து பிளஸ் 1க்கு ஏறும் படி எல்லோருக்கும் உயரம்தான். பாடத்தைப் பிடிக்கவே பிடிக்கவில்லை, புத்தகத்தைத் திறக்கவே மனமில்லை என்றால் அது வேறு, மாற்றுங்கள்.

9. பிளஸ் 1 வருடத்தை விட்டுவிடாதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

முன்பு பல தனியார் பள்ளிகளில் பிளஸ் 1 பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டு, இரண்டு வருடமும் பிளஸ் 2 புத்தகத்தையே அரைத்தார்கள். அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பிளஸ் 1க்குப் பொதுத்தேர்வு வந்தது, அதோடு 1,200 மதிப்பெண் 600 ஆனது. இப்போது 2025-26 முதல் அந்தப் பொதுத்தேர்வு எடுக்கப்பட்டுவிட்டது, பிளஸ் 1க்குப் பள்ளி அளவிலான தேர்வுதான். பிள்ளைகளின் மன அழுத்தம் குறைவது நல்லதுதான். ஆனால் பழைய வழக்கம் திரும்பி வருமோ என்ற கவலை எனக்கு நிஜமாகவே இருக்கிறது, அதனால் பிளஸ் 1 பாடம் நடக்கிறதா என்று பார்க்க வேண்டிய பொறுப்பு இப்போது வீட்டுக்கு வந்திருக்கிறது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பிளஸ் 2 புத்தகம் பிளஸ் 1 மேல் கட்டப்பட்ட மாடி. கணிதத்தை எடுங்கள். பிளஸ் 1இல் அணிகள், அணிக்கோவைகள். பிளஸ் 2 முதல் பாடமே அதன் பயன்பாடுகள். பிளஸ் 1இல் முக்கோணவியல் தெரியாதவருக்கு பிளஸ் 2இல் நேர்மாறு முக்கோணவியல் சார்புகள் புரியாது. வகையிடலும் தொகையிடலும் பிளஸ் 1 இரண்டாம் தொகுதியில் இருக்கின்றன. பிளஸ் 2இல் அவற்றின் பயன்பாடுகளும் வகைக்கெழுச் சமன்பாடுகளும் வரும்போது, வகையிடவே தெரியாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அங்கே புதிதாக எதையும் சொல்லித்தர முடிவதில்லை, திரும்பி பிளஸ் 1க்குத்தான் போக வேண்டியிருக்கிறது. வேதியியலில் கரிம வேதியியலின் அடிப்படை முழுக்க பிளஸ் 1 கடைசிப் பாடங்களில் இருக்கிறது, வருடக் கடைசி என்பதால் அவசரமாக ஓட்டிவிடுவார்கள். இயற்பியலில் இயக்கவியல், வெப்பம், அலைகள் எல்லாம் பிளஸ் 1தான். நீட், ஜேஇஇ இரண்டிலும் இரண்டு வருடப் பாடமும் வரும்.

செய்ய வேண்டிய வரிசை இது. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த விடுமுறையில், பிளஸ் 1 புத்தகத்தை முன்கூட்டியே படிக்க வைக்க வேண்டாம். பத்தாம் வகுப்பு இயற்கணிதத்தையும் முக்கோணவியலையும் மட்டும் மறுபடி போட்டுப் பார்க்கட்டும். ஜூன் முதல் காலாண்டு வரை வேகம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, கணிதத்தின் முதல் மூன்று பாடங்களான கணங்கள் மற்றும் சார்புகள், அடிப்படை இயற்கணிதம், முக்கோணவியல் ஆகியவை உறுதியாக வேண்டும், மற்றதெல்லாம் அதை வைத்துத்தான். அரையாண்டுக்குப் பிறகு வரும் தொகுதி 2 பாடங்களை விடவே கூடாது. பிளஸ் 1 முழு ஆண்டுத் தேர்வு முடிந்த ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி பிளஸ் 2 பாடத்தை ஆரம்பித்தாலும், வீட்டில் தினம் ஒரு மணி நேரம் வகையிடல், தொகையிடல், கரிம வேதியியலுக்கு ஒதுக்குங்கள்.

படிக்கும் முறையில் நடக்கும் தவறு, பாடத்தின் பின்னால் இருக்கும் கேள்விகளை மட்டும் படிப்பது. பாடத்துக்குள்ளிருந்தும் கேள்விகள் வரும், எடுத்துக்காட்டுக் கணக்குகளும் வரும். புத்தகத்தை வரி வரியாகப் படித்தவர்கள்தான் சென்டம் எடுக்கிறார்கள்.

கோச்சிங் சேர்ப்பதானால் பிளஸ் 1 தொடக்கத்திலேயே வாரக்கடைசி வகுப்பாகச் சேருங்கள். அண்ணா நகரிலும் தி.நகரிலும் இருக்கும் பெரிய மையங்களில் தினசரி வகுப்பு என்றால் பள்ளி, பயணம், கோச்சிங் முடிந்து தானாக உட்கார்ந்து ஒரு கணக்குப் போட நேரமே மிஞ்சாது.

10. பிளஸ் 2 வருடம்

இது எளிது, பள்ளியே ஓட்டும். டிசம்பரில் அரையாண்டு, அதற்குப் பிறகு திருப்புதல் தேர்வுகள், செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு. அரையாண்டுக்குள் முழுப் பாடமும் ஒரு முறை முடிந்திருக்க வேண்டும். ரெக்கார்ட் நோட்டை வாராவாரம் எழுதி கையெழுத்து வாங்கிவிடுங்கள், ஜனவரியில் மொத்தமாக எழுத உட்கார்ந்தால் திருப்புதல் நேரம்தான் போகும். ஜேஇஇ மெயின் முதல் கட்டம் ஜனவரியில் வரும், அது செய்முறைத் தேர்வுக்குச் சற்று முன் என்பதால் நவம்பரிலேயே தேதிகளை ஒரு காலண்டரில் எழுதிவையுங்கள்.

11. கூடவே நடக்க வேண்டிய காகித வேலை

சாதிச் சான்று, வருமானச் சான்று, குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்று, தேவைப்படுவோருக்கு இருப்பிடச் சான்று. இவற்றை பிளஸ் 2 அரையாண்டு விடுமுறைக்குள் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். மே மாதம் எல்லோரும் ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பதால் தாமதமாகும், கலந்தாய்வுப் பதிவோ நாள் குறித்து முடிந்துவிடும். முதல் பட்டதாரி சான்று இருந்தால் பொறியியல் கலந்தாய்வு மூலம் சேரும்போது கல்விக் கட்டணச் சலுகை கிடைக்கும். பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் ஆதாரிலும் மதிப்பெண் பட்டியலிலும் சாதிச் சான்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பிளஸ் 1இலேயே சரிபாருங்கள். திருத்தம் செய்ய மாதக்கணக்கில் ஆகலாம். பெயர்ப்பட்டியல் தேர்வுத் துறைக்குப் போவதற்கு முன் பள்ளியில் சொன்னால் வேலை சுலபமாக முடியும்.